கல்விக்கடன் முடியும் முன்பே வீட்டுக்கடன் கேட்டுப் போனபோது

ஊரப்பாக்கத்தில் 34 லட்சத்துக்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை 2024-இல் பேசி முடித்தபோது, மேலாண்மைப் படிப்புக்காக வாங்கிய ஏழு லட்சம் கல்விக்கடனில் 2.6 லட்சம்தான் பாக்கி. ஆண்டுதோறும் போனஸ் பணத்தை அசலில் கட்டி வந்தவன் என்பதால், வங்கி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்று நம்பிப் போனேன். கடன் அதிகாரியோ பாக்கித் தொகையைக் கேட்கவே இல்லை. மாதத் தவணை எவ்வளவு என்றுதான் கேட்டார்.

கைக்கு வரும் சம்பளம் 62,000 ரூபாய். எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து அதில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அந்த வங்கியின் கணக்கு. 31,000-இல் கல்விக்கடன் தவணையான 9,800 போக எஞ்சிய 21,200-க்கு, 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 24.4 லட்சம்தான் தேறும் என்றார். நான் கூடுதலாகக் கட்டிய பணமெல்லாம் தவணைக் காலத்தைக் குறைத்ததே தவிர, தவணையில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்கவில்லை என்பது அன்றுதான் உறைத்தது.

சேமிப்பு 11 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என மூன்று லட்சத்துக்கு மேல் கைப்பணத்திலிருந்தே போக வேண்டும். அதை வங்கி வீட்டு மதிப்பில் சேர்ப்பதில்லை. அப்பாவும் நானும் இரண்டு இரவுகள் கணக்குப் போட்டுப் பார்த்து, கல்விக்கடனை மொத்தமாக அடைத்துவிடுவது என்று முடிவு செய்தோம். கையிருப்பு 8.4 லட்சமாகச் சுருங்கியது. ஆனால் கடன் தகுதி 35 லட்சத்தைத் தாண்டியது. முப்பது லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தர ரிசர்வ் வங்கி அனுமதிப்பதால், எங்களுக்குத் தேவைப்பட்ட 28.6 லட்சம் தடையின்றிக் கிடைத்தது. (கல்விக்கடன் வட்டிக்கு வருமானவரிச் சட்டத்தின் 80-இ பிரிவு தரும் சலுகை போய்விடுமே என்று நண்பர் ஒருவர் வருந்தினார். அந்தச் சலுகை இல்லாத புதிய வரிமுறைக்கு நான் மாறியிருந்ததால் அது முன்பே போய்விட்டிருந்தது.)

அலைக்கழித்தது, நம் கடன் வரலாற்றைத் தொகுத்துக் காட்டும் சிபில் அறிக்கைதான். கடனை அடைத்து ஐந்து வாரமாகியும் அது நடப்புக் கடனாகவே காட்டியது. பாக்கியில்லைச் சான்றை இணைத்துப் புகார் பதிந்த பிறகே திருத்தினார்கள்.

இதைப் படித்த வேறொருவரின் பதில்: என் பெயரில் கல்விக்கடனே கிடையாது, தம்பியின் கடனில் இணைக்கடனாளியாகக் கையெழுத்திட்டிருந்தேன், அவ்வளவுதான். மதுரையில் வீட்டுக்கடனுக்கு விண்ணப்பித்தபோது, அவன் கட்டும் 7,200 ரூபாய் தவணையை என் சம்பளத்தில் கழித்துவிட்டார்கள். அவன் கணக்கிலிருந்தே தவணை போவதைக் காட்டும் பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையைக் கொடுத்தும் முதல் வங்கி ஏற்கவில்லை. இரண்டாவது வங்கி ஏற்றுக்கொண்டது. வட்டி கால் சதவீதம் கூடுதல் என்றாலும் அங்கேயே வாங்கிக்கொண்டேன், ஏனெனில் தம்பிக்கு இன்னும் நான்கு ஆண்டுத் தவணை இருக்கிறது.