கேபிள் டிவிக்கு எந்த பூஸ்டர் வாங்கலாம்? அவசரம்

தண்டையார்பேட்டை மாடிவீடு:
வணக்கம். வீட்டில் மூன்று டிவி. மூன்றிலும் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் விட்டுவிட்டு வருகிறது. நாளை ரிச்சி தெருவுக்குப் போகிறேன். சிக்னலை 20 டெசிபல் கூட்டும் பூஸ்டரா, 30 டெசிபலா, எதை வாங்குவது? விலை ஒரு பொருட்டில்லை, ஆயிரத்துக்குள் இருந்தால் போதும். சீக்கிரம் சொல்லுங்கள். சீரியல் நேரத்தில் அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

ஒற்றியூரான்:
கேபிளா, கூரையில் டிஷ்ஷா? எல்லாச் சேனலுமா, சிலவா? ஒயர் எவ்வளவு நீளம், எத்தனை இடத்தில் பிரிகிறது? ஒன்றுமே சொல்லாமல் பூஸ்டர் கேட்டால் எப்படி?

ராயபுரம் ரேடியோ:
அதோடு, ரிமோட்டில் மெனுவுக்குப் போனால் சிக்னல் பக்கம் ஒன்று இருக்கும். அங்கே இரண்டு எண்கள் வரும். இரண்டையும் எழுதுங்கள்.

காசிமேட்டுக் காற்று:
எண்ணெல்லாம் எதற்கு? தண்டையார்பேட்டை என்றதுமே தெரிந்துவிட்டது. உப்புக் காற்று. எங்கள் தெருவில் மொட்டை மாடியில் ஒயர் முனையில் மாட்டும் உலோகப் பின் ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் அதிசயம். கழற்றிப் பாருங்கள், பச்சை பூத்திருக்கும். மலிவு ஒயரில் நடுக்கம்பி முழுச் செம்பு இல்லை, இரும்பின் மேல் செம்பு முலாம். முலாம் போனால் துருதான். பூஸ்டர் வேண்டாம், பின்னை மாற்றுங்கள்.

டெசிபல்தாசன்:
இந்தக் கேள்விக்கு இங்கேயே பலமுறை பதில் எழுதிவிட்டேன். தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. செருப்புக் கடையில் காலைக் காட்டாமல் எட்டா ஒன்பதா என்று கேட்பீர்களா? ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் சிக்னல் எத்தனை டெசிபல் மைக்ரோவோல்ட் என்று மீட்டர் வைத்து அளந்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

தண்டையார்பேட்டை மாடிவீடு:
கேபிள்தான் சார். மீட்டருக்கு எங்கே போவேன்? ஒயர் சாதாரணக் கறுப்பு ஒயர். கீழே ஹாலில் ஒன்று, அம்மா அறையில் ஒன்று, மாடியில் ஒன்று. ஹாலில் 94 காட்டுகிறது, மாடியில் 52. எல்லாச் சேனலும் இல்லை, ஒரு கூட்டமாகச் சில சேனல்கள் போகின்றன.

டெசிபல்தாசன்:
கறுப்பு என்பது நிறம், வகை அல்ல. ஒயரின் மேல் ஆர்.ஜி.6 என்றோ ஆர்.ஜி.59 என்றோ அச்சிட்டிருக்கும். போகட்டும், மோசமான பக்கத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஒயரைப் பிரிக்கும் நாலு வழி ஸ்பிளிட்டரில் 7 டெசிபல் போகும். மாடிக்கு 25 மீட்டர் ஆர்.ஜி.59 என்றால் உயர் அலைவரிசையில் இன்னொரு 6 அல்லது 7. வழியில் இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஒன்று இருந்தால் ஏறக்குறைய 4. ஆகமொத்தம் 18. எனவே 20 டெசிபல் பூஸ்டர். 30 வேண்டாம். விஷயம் முடிந்தது.

ஒற்றியூரான்:
ஸ்பிளிட்டர் நாலு வழி என்று அவர் எங்கே சொன்னார்?

டெசிபல்தாசன்:
மூன்று டிவி இருக்கும் வீட்டில் நாலு வழிதான் மாட்டுவார்கள். அனுபவம்.

பெரம்பூர் பெட்டி:
இத்தனை கணக்கு எதற்கு? பேசாமல் டிஷ்ஷுக்கு மாறிவிடுங்கள் அண்ணா. நான் மாறி இரண்டு வருடம் ஆகிறது. ஸ்பிளிட்டரும் இல்லை, பூஸ்டரும் இல்லை.

காசிமேட்டுக் காற்று:
ஐப்பசி மழையில் உங்கள் டிஷ் என்ன காட்டியது என்பதையும் எழுதுங்கள் தம்பி.

பெரம்பூர் பெட்டி:
கனமழையில் பத்து நிமிடம் போகும், மழை விட்டால் வந்துவிடும். கேபிளில் தெருமுனை வீட்டில் மின்சாரம் போனால் தெருவுக்கே படம் போகிறதே, அது பரவாயில்லையா?

பழைய லைன்:
அந்தத் தெருமுனை வீடுகளில் சிக்னலைக் கூட்டும் பெட்டி வைத்தவன் நான். வீட்டுக்காரரிடம் மின்சாரத்துக்குக் கெஞ்சிக் கூத்தாடித்தான் வைப்போம். 2003 செப்டம்பரில் கட்டணச் சேனலுக்கு வீட்டில் செட் டாப் பாக்ஸ் கட்டாயம் என்று சென்னையில் வந்தபோது, வண்ணாரப்பேட்டைச் சந்துகளில் வீடு வீடாக நாங்கள் வாங்கிய திட்டு கொஞ்சமா? அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் ஈ மொய்க்கும், முகமாவது தெரியும். டிஜிட்டலில் அந்த இரக்கம் இல்லை, ஒரு எல்லைவரை பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே போனால் கட்டம், பிறகு கறுப்பு.

பெரம்பூர் பெட்டி:
நான் கேட்டதற்கு இது பதில் இல்லை ஐயா.

ஒற்றியூரான்:
டிஷ் சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கடையில் யாரும் ஏமாற வேண்டாம். டிஷ் ஒயரில் ஓடுவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். கேபிளில் 862க்குள் முடிந்துவிடும். டிஷ்ஷுக்கான பூஸ்டர் கேபிளுக்கு ஆகாது. அட்டையில் 47–862 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ராயபுரம் ரேடியோ:
மாடிவீட்டுக்காரரே, நான் கேட்டது இரண்டு எண்கள். 94 என்பது அளவு. அதன் கீழே தரம் என்று ஒன்று இருக்குமே?

தண்டையார்பேட்டை மாடிவீடு:
அதுவா? ஹாலில் 31. மாடியில் 28. அது முக்கியமா?

ராயபுரம் ரேடியோ:
அதுதான் முக்கியம். அளவு குறைந்து தரமும் குறைந்தால் சிக்னல் போதவில்லை என்று நினைக்கலாம். உங்கள் ஹாலில் அளவு 94, தரம் 31. சிக்னல் நிறைய வருகிறது, ஆனால் கெட்டுப்போய் வருகிறது. ஒரு கேள்வி: வீட்டில் ஏற்கெனவே பூஸ்டர் இருக்கிறதா?

தண்டையார்பேட்டை மாடிவீடு:
இருக்கிறது. பரணில். போன வருடம் கேபிள் பையன் மாட்டினான். சின்னது. அதனால்தான் பெரியது கேட்டேன்.

ஒற்றியூரான்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா!

ராயபுரம் ரேடியோ:
சரி. தெருவில் அண்மையில் ஏதாவது மாற்றினார்களா?

தண்டையார்பேட்டை மாடிவீடு:
தீபாவளிக்கு முன்பு கம்பத்தில் புதுப் பெட்டி வைத்தார்கள். அதற்கும் இதற்கும் என்ன?

ராயபுரம் ரேடியோ:
வெளியிலிருந்து வரும் சிக்னல் கூடிவிட்டது. பரணில் இருப்பது பழைய கணக்கில் முழுதாகத் திருகி வைத்தது. தாங்கும் அளவுக்கு மேல் தள்ளும்போது பூஸ்டருக்குள்ளேயே சேனல்கள் ஒன்றோடொன்று கலந்து குப்பை உண்டாகிறது. ஒரே அலைவரிசையில் பத்துக்கும் மேற்பட்ட சேனல்கள் ஒன்றாகக் கட்டி வருவதால், கெடும்போது கூட்டமாகப் போகின்றன. மாடியில் அளவு 52 ஆனாலும் தரம் 28 தான், பாருங்கள். பரணிலேயே கெட்டுப்போனது மாடிக்குப் போய்த் திருந்தாது. இன்னொரு பூஸ்டர் வைத்தால் அந்தக் குப்பையும் சேர்ந்தே பெரிதாகும்.

இப்போது செய்ய வேண்டியது: பூஸ்டரில் சின்னத் துளைக்குள் திருகாணி இருக்கும். கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகக் கால் சுற்று, கால் சுற்றாகக் குறைத்து, ஒவ்வொரு முறையும் தரத்தைப் பாருங்கள். அளவு குறையும், பயப்பட வேண்டாம். முழுதும் குறைத்தும் சரியாகாவிட்டால் பூஸ்டரைக் கழற்றி இரண்டு பின்னையும் ஜாயின்ட் போட்டு நேராகச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பிளிட்டரில் சும்மா இருக்கும் வாயை 75 ஓம் மூடி போட்டு அடையுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மாடிக்குப் போதவில்லை என்றால் மட்டும் கடைக்குப் போகலாம். அப்போதும் டிவிக்குப் பின்னால் மாட்டக்கூடாது, ஸ்பிளிட்டருக்கு முன்னால்தான்.

பழைய லைன்:
தொடுவதற்கு முன் அடாப்டரைப் பிடுங்கிவிட்டு, ஒயரின் வெளிப்பின்னலில் டெஸ்டரை வையுங்கள். விளக்கு எரிந்தால் கையை எடுத்துவிட்டுக் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள். வேறு எவர் வீட்டு மின்சாரமாவது அதில் வந்துகொண்டிருக்கலாம். நான் இரண்டு முறை ஏணியிலிருந்து விழுந்தவன்.

டெசிபல்தாசன்:
பூஸ்டர் இருப்பதை மறைத்ததால் விடை மாறியது. என் கணக்கில் பிழை இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 18 என்பது 18 தான்.

ஒற்றியூரான்:
நாலு வழி?

டெசிபல்தாசன்:
அனுபவம் என்று சொன்னேனே.

பெரம்பூர் பெட்டி:
டிஷ்ஷில் இந்தத் திருகாணியெல்லாம் கிடையாது.

காசிமேட்டுக் காற்று:
அங்கேயும் பின் உண்டு தம்பி. கடற்காற்றுக்கு டிஷ் எது, கேபிள் எது என்று தெரியாது.

தண்டையார்பேட்டை மாடிவீடு:
முக்கால் சுற்றுக் குறைத்தேன். ஹாலில் அளவு 71, தரம் 88. அம்மா அறையிலும் படம் சரி. மாடியில் தரம் 60, எப்போதாவது உடைகிறது. ஸ்பிளிட்டர் மூன்று வழி. ரிச்சி தெரு போகவில்லை. அம்மா உட்கார்ந்துவிட்டார், ரிமோட் இனி என் கைக்கு வராது. நன்றி.

ராயபுரம் ரேடியோ:
மாடிக்குப் போகும் ஒயரை ஸ்பிளிட்டரின் எந்த வாயில் செருகியிருக்கிறீர்கள்? மூன்று வழியில் பெரும்பாலும் ஒரு வாயில் 3.5 டெசிபல்தான் போகும், மற்ற இரண்டில் 7. வாய்க்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். குறைவாகப் போகும் வாயை மாடிக்குக் கொடுத்துப் பாருங்கள்.

காசிமேட்டுக் காற்று:
அது இருக்கட்டும். கழற்றிப் பார்த்தீர்களா? பின் பச்சையாக இருந்ததா, இல்லையா?

காசிமேட்டுக் காற்று:
மாடிவீட்டுக்காரரே?