பாப்பாவுக்கு எந்த நாட்டு பாஸ்போர்ட்? பட்டவர்கள் சொல்கிறோம்

ஜெர்மனியிலிருந்து ஓர் அம்மா:

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம், அவர் ஜெர்மன்காரர். 2021-ல் பொண்ணு இங்கேதான் பிறந்தாள். என் வயிற்றில் பிறந்தவள் இந்தியக் குடிமகள் இல்லாமல் வேறு யார் என்று நான் அந்தப் பக்கமே யோசிக்கவில்லை. பத்தாவது மாசம், ஊரில் வக்கீலாக இருக்கும் சித்தப்பா போனில் பேச்சுவாக்கில் கேட்டார்: "கான்சுலேட்ல பதிஞ்சாச்சாம்மா?"

என்னத்தைப் பதியணும் சித்தப்பா என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

விஷயம் இதுதான். 1955-ஆம் வருஷக் குடியுரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு. வெளிநாட்டில் பிறந்த குழந்தைக்கு அப்பா இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை என்று ஒரு காலம் இருந்தது. 1992 டிசம்பர் 10-லிருந்து அம்மா இந்தியராக இருந்தாலும் போதும் என்று ஆனது. 2004 டிசம்பர் 3-லிருந்து இன்னொரு கொக்கி சேர்ந்துகொண்டது: பிறந்த ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். தவறவிட்டால் மத்திய அரசின் அனுமதி வேண்டும்.

இரண்டு மாசம் இருக்கே என்று எல்லாக் காகிதத்தையும் அள்ளிக்கொண்டு ஓடினேன். கவுன்ட்டரில் இருந்தவர் தன்மையாகத்தான் பேசினார். ஃபார்மைப் புரட்டி ஒரு வரிக்குக் கீழே பேனா முனையை வைத்தார். "இதைப் படிச்சுட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட முடியுமான்னு சொல்லுங்க." குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் உறுதி சொல்லும் வரி.

இருந்ததே! நாலாம் மாசம் மாமியார் ஆசைப்பட்டு எங்களை மயோர்க்கா தீவுக்குக் கூட்டிப் போனார். அதற்காக எடுத்தது. கிண்டர்ரைசெபாஸ் என்று சின்னப் பிள்ளைகளுக்கு அப்போது ஒரு குட்டிப் புத்தகம் கொடுப்பார்கள், 2024 ஜனவரியோடு நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கே கையில் வாங்கிக்கொண்டு வந்தோம். "இது குழந்தைங்க புத்தகம்தாங்க" என்று அசடு வழியச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஃபார்மை மூடி என் பக்கம் தள்ளினார்.

இதைத்தான் கொட்டை எழுத்தில் எழுத நினைத்தேன். அப்பா ஜெர்மன் என்பதால் அவள் பிறந்த நிமிஷமே ஜெர்மன் குடிமகள். அது தடை இல்லை. பாஸ்போர்ட் எடுத்ததுதான் தடை. பத்து நாள் கடற்கரைக்காக ஒரு கதவை மூடியிருக்கிறோம், மூடும்போது சத்தம்கூடக் கேட்கவில்லை.

பிறகு ஓசிஐக்குப் போட்டோம். அது குடியுரிமை இல்லை, வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருக்கும் இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, விசா இல்லாமல் போய்வரலாம். பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் குழந்தைக்கு அது கிடைக்கும். கையெழுத்துக் கட்டத்தில் கைரேகை வைக்கணும், பையனுக்கு இடது கட்டைவிரல், பொண்ணுக்கு வலது. ஒரு வயசுப் பிள்ளையின் விரலை விரித்து, மையில் தொட்டு, அந்தச் சின்னக் கட்டத்துக்குள் நகராமல் அழுத்திப் பாருங்கள், தெரியும். ஏழு தாள் வீணானது. எட்டாவதில் பாதி விரல் விழுந்தது. அவள் கன்னத்தில் முழு விரலும் விழுந்தது.

பெயர்க் கூத்து தனி. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதல் எழுத்துதான். என் பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலி. இங்கே பிறப்பைப் பதியும்போது அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்து பதிவு அலுவலக அம்மையார் மலைத்துப்போனார். கடைசியில் பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு மாதிரி, திருமணச் சான்றிதழில் வேறு மாதிரி. ஓசிஐ விண்ணப்பம் அதற்காகவே ஒரு தடவை திரும்பி வந்தது. கல்யாணத்துக்கு முன்பே எல்லாக் காகிதத்திலும் பெயரை ஒரே மாதிரி ஆக்கிக்கொள்ளுங்கள்.

ஊரில் என் அப்பாவிடம் சொன்னபோது "ஓட்டுப் போட முடியாதா?" என்றார். முடியாது. "வயல்?" விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "அப்போ சரி" என்றார். சரி என்ற குரலில் இல்லை.

ஜப்பானிலிருந்து ஓர் அப்பா:

சகோதரி, நீங்கள் விட்ட கதவில் நுழைந்தவன் நான். உள்ளேயும் ஒரு முட்டுச்சந்து இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

மனைவி ஜப்பானியர். பையன் பிறந்த 14 நாளுக்குள் நகராட்சியில் சொல்லியாக வேண்டும், சொன்னோம். கோசெக்கி என்ற குடும்பப் பதிவேட்டில் மனைவியின் கீழே அவன் பெயர் ஏறியது. (1985-க்கு முன்பு பிறந்திருந்தால் அதுவும் கிடையாது. அப்பா ஜப்பானியராக இருந்தால்தான் அப்போது குடியுரிமை.) ஜப்பான் பாஸ்போர்ட் எடுக்காமல், ஒரு வருஷக் கெடுவுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து, இந்திய பாஸ்போர்ட்டும் வாங்கிவிட்டேன். ஊரில் எல்லோருக்கும் போட்டோ அனுப்பினேன்.

டிக்கெட் போடப் போனபோதுதான் உறைத்தது. அவன் ஜப்பானியன், அதனால் அவனுக்கு என்னைப் போல வசிப்பு அட்டை தர மாட்டார்கள். வெறும் இந்திய பாஸ்போர்ட்டோடு போய்விட்டு என்ன காட்டித் திரும்ப உள்ளே வருவான்? ஜப்பான் பாஸ்போர்ட் எடுத்தால் இந்தியாவுக்குக் கொடுத்த உறுதி என்னாகும்? இரண்டு வருஷம் ஊருக்கே போகவில்லை. அம்மா வீடியோவில்தான் பேரனைக் கொஞ்சினார். கடைசியில் ஜப்பான் பாஸ்போர்ட் எடுத்து, இந்திய பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, நானும் ஓசிஐ வரிசையில் நின்றேன்.

இரண்டையும் வைத்துக்கொண்டு பெரியவனான பிறகு முடிவெடுக்கட்டும் என்பவர்களுக்கு: இந்தியச் சட்டப்படி 18 வயது ஆன ஆறு மாதத்துக்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையை விடாவிட்டால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஜப்பானில் 20 வயதுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். இரண்டு கடிகாரமும் ஒரே நேரம் காட்டாது.

இன்னொன்று. பிள்ளையை இந்தியாவில் மருத்துவமோ இன்ஜினியரிங்கோ படிக்க வைக்க நினைப்பவர்கள், மத்திய அரசின் 2021 மார்ச் 4 அறிவிக்கையைப் பாருங்கள். ஓசிஐ பிள்ளைகளுக்கு என்ஆர்ஐ இடங்கள்தான். அந்தத் தேதிக்கு முன்பே ஓசிஐ வாங்கியவர்களுக்கு இது பொருந்தாது என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நம் பிள்ளைகள் அதற்குப் பிறகு வந்தவர்கள்.

மலேசியாவிலிருந்து ஓர் அம்மா:

உங்களுக்கெல்லாம் ஒரு வருஷக் கெடுவாவது இருந்தது. நான் மலேசியப் பிரஜை, கணவர் தமிழ்நாட்டுக்காரர், மகன் சென்னையில் பிறந்தான். அப்பா இந்தியர், பிறந்ததும் அங்கே, அதனால் அவன் இந்தியன். என் மலேசியக் குடியுரிமைதான் அவனுக்கு வரவில்லை. என் அண்ணனும் வெளிநாட்டில்தான் கட்டினார், அவர் மகளும் அங்கேதான் பிறந்தாள். அவர் தூதரகத்தில் பதிந்தார், முடிந்தது. அரசியலமைப்பில் "தந்தை" என்று எழுதியிருந்ததுதான் வித்தியாசம். ஒரே வீட்டில் பிறந்த எங்களுக்கு இரண்டு சட்டம்.

என்னைப் போன்ற அம்மாக்கள் வழக்குப் போட்டு 2021 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அன்று அழுதுவிட்டேன். 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று மாற்றித் தீர்ப்புச் சொன்னது. 2024 அக்டோபரில் மக்களவை அரசியலமைப்புத் திருத்தத்தையே நிறைவேற்றியது, இனி அம்மா வழியாகவும் உண்டு. ஆனால் திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு பிறக்கும் பிள்ளைகளுக்குத்தான். என் மகனுக்கு அரசியலமைப்பின் 15(2) பிரிவில் விண்ணப்பித்துக் காத்திருக்கும் பழைய பாதைதான். அவன் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் "எனக்கு எப்போமா ஐசி?" என்று, மலேசிய அடையாள அட்டையைத்தான், கேட்பான். இந்த வருஷம் கேட்கவில்லை.

மறுபடியும் ஜெர்மனி:

ஜப்பான் அண்ணா, நல்ல வேளை எழுதினீர்கள். எனக்கு இது ஏழாம் மாசம். இந்தத் தடவை விடக்கூடாது, கெடுவுக்குள் பதிந்தே தீருவேன் என்று ஃபைலெல்லாம் போட்டு வைத்திருந்தேன். நேற்று இரவு அவரிடம் உங்கள் கதையை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "விமான நிலையத்தில் நீயும் சின்னதும் ஒரு வரிசை, நானும் பெரியதும் ஒரு வரிசையா?" ஃபைல் இன்னும் மேஜையில்தான் கிடக்கிறது.