எண்கோணமா, வட்டமா: கடிகாரத்தில் கைவேலையை எங்கே பார்ப்பது?

குடந்தைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதம் திருக்கடையூரில் என் தந்தையாருக்கு மணிவிழா நடத்தவிருக்கிறோம். நான் அறிந்த நாள் முதல் அவர் கட்டியிருப்பது எச்.எம்.டி. ஜனதா என்ற, சாவி கொடுத்து ஓட்டும் இந்தியக் கைக்கடிகாரம் ஒன்றைத்தான். நானும் அண்ணனும் பணம் சேர்த்து அவருக்கு உயர்தரச் சுவிஸ் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கித் தர எண்ணியுள்ளோம். பேட்டரி இல்லாமல் வில்சுருளால் ஓடும் வகையாக இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. எண்கோண விளிம்பும் எஃகுப் பட்டையும் கொண்ட புதுப்பாணிக் கடிகாரம் வேண்டும் என்கிறார் அண்ணன். வெள்ளை டயலும் தோல் வாரும் உள்ள மெல்லிய வட்டக் கடிகாரத்தில்தான் பழைய கைத்தொழில் இருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் இன்று எந்த நிறுவனமானாலும் உறுப்புகளைக் கணினி இயக்கும் எந்திரங்களே வெட்டுகின்றன என்று படித்ததிலிருந்து எனக்கே ஐயம் வந்துவிட்டது. நாங்கள் கொடுக்கப்போகும் லட்சங்களில் கைவேலைக்கு உரிய பங்கு எது, அதைக் கண்ணால் பார்த்து அறிய முடியுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

சுவாமிமலைப் பட்டறை:

எங்கள் பட்டறைக்கு வருபவர்களும் இதே கேள்வியை, "அச்சில் ஊற்றினால் சிலை வந்துவிடாதா?" என்று கேட்பதுண்டு. காவிரி வண்டல் மண்ணால் செய்த அச்சை உடைத்ததும் வெளிவருவது கரடுமுரடான உலோக உருவம். அரமும் உளியும் கொண்டு நாள்கணக்கில் வேலை செய்த பின்னரே நகக்கண்ணும் ஆடை மடிப்பும் அதில் தெரியும். கடிகாரத்திலும் எந்திரம் வெட்டித் தருவது இந்த முதல் நிலையைத்தான். சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின் விளிம்பைச் சரிவாக இழைத்துக் கண்ணாடிபோல் மெருகேற்றுவதுதான் உயர்தரக் கடிகாரத்தின் உளிவேலை. அங்கே உள்நோக்கி மடியும் மூலைகளைப் பாருங்கள். சுழலும் எந்திர வெட்டி எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அத்தகைய மூலையை வளைவாகவே விட்டுச் செல்லும். இரண்டு சரிவுகள் கத்தி முனைபோலக் கூர்மையாகச் சந்தித்தால், அங்கே ஒருவர் அரத்தோடு அமர்ந்திருக்கிறார் என்று பொருள்.

எண்கோணத்தைப் பற்றி உங்கள் அண்ணன் பக்கமே நான் பேசுவேன். ஜெரால்ட் ஜென்டா வரைந்து 1972இல் ஓடமார் பிகே நிறுவனம் வெளியிட்ட ராயல் ஓக், எட்டு திருகுகள் தெரியும் எஃகுக் கடிகாரம். பார்வைக்குத் தொழிற்சாலைப் பொருள்போலத்தான் இருக்கும். ஆனால் அதன் ஒவ்வொரு முகமும் இழைக்கோடு போட்ட பரப்பாகவும், முகங்கள் சந்திக்கும் சரிவு பளிங்கு மெருகாகவும் இருக்க வேண்டும். தங்கத்தைவிடக் கடினமான எஃகில் அந்த எல்லைக்கோடு மழுங்காமல் மெருகேற்றுவது எளிய செயலன்று. ஒரு முறை அழுத்தம் கூடினாலும் விளிம்பு உருண்டுவிடும். வட்டமான உடலில் இத்தகைய பிழை அவ்வளவாகக் கண்ணில் படாது. எனவே இங்கே புதுப்பாணிதான் பழைய கையிடம் கூடுதலாக வேலை வாங்கியிருக்கிறது.

தஞ்சைக் கடிகாரக் கடை:

மேலே எழுதிய ஐயா கூறியது முற்றிலும் சரி. டயலைப் பற்றி மட்டும் நான் சேர்க்கிறேன். பழம்பெரும் கடிகாரக் கலைஞர் பிரெகே காலத்திலிருந்து புகழ்பெற்ற அலைக்கோட்டு வேலைப்பாட்டை, கையால் சுழற்றும் பழைய கடைசல் எந்திரத்தில் ஒவ்வொரு கோடாக வெட்டுவார்கள். அதே வடிவத்தை அச்சால் ஒரே அடியில் அழுத்தியும் எடுக்கலாம். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பார்த்தால், வெட்டிய கோட்டின் முகடு கூர்மையாக ஒளிரும், அழுத்திய கோட்டின் முகடு மழுங்கித் தெரியும். வட்டம் என்பதற்காகவே பழந்தொழில் என்று நம்பி வாங்கி, அச்சடித்த டயலுடன் என் மேசைக்கு வந்தவர்கள் சிலர் உண்டு. எதை வாங்கினாலும் பின்மூடி கண்ணாடியாக இருப்பதையே தேர்ந்தெடுங்கள். மூடிய உலோகத்துக்குள் எதைப் பார்ப்பது?

நாகைக் கடற்கரை:

கை படாத உறுப்புகளும் இப்போது உள்ளே வந்துவிட்டன. 2001இல் யுலிஸ் நார்டன் நிறுவனம் ஃப்ரீக் என்ற கடிகாரத்தில் சிலிக்கான் சக்கரங்களைப் பயன்படுத்தியது. கடிகாரத்தின் துடிப்பைச் சீராக வைக்கும் மயிரிழைச் சுருளான ஹேர் ஸ்பிரிங்கும் இன்று பல நிறுவனங்களில் சிலிக்கானே. கணினிச் சில்லுகளைப் போலப் பொறித்து எடுக்கும் இவை காந்தத்துக்கு அஞ்சுவதில்லை, துருவும் பிடிப்பதில்லை. எங்கள் உப்புக்காற்றுக்கு அது பெரிய வரம்தான். என் கவலை வேறு: உலோக ஹேர் ஸ்பிரிங் கோணினால், கைதேர்ந்தவர் சிறு இடுக்கியால் நிமிர்த்திவிடுவார், சிலிக்கான் வளைந்து கொடுத்து நிற்காது, உடைந்துவிடும். பேரன் காலத்தில் அந்த உறுப்பை நிறுவனம் தராவிட்டால், ஊரில் யாரும் கடைந்து கொடுக்க முடியாது. வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

தஞ்சைக் கடிகாரக் கடை:

உண்மை. தங்கள் தந்தையாரின் ஜனதா நொடிக்கு 5 முறை துடிக்கும். அச்சுகள் தேயாமல் தாங்கும் 17 கல் கொண்ட அந்த எளிய கடிகாரத்தில் நான் கழற்றிப் பூட்ட முடியாத உறுப்பு எதுவும் இல்லை. நொடிக்கு 8 முறை துடிக்கும் புதிய கடிகாரங்களுக்கும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை எண்ணெய் மாற்ற வேண்டும் என்பதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

குடந்தைவாசி:

பெரியவர்கள் அனைவருக்கும் நன்றி. லென்ஸ் ஒன்று வாங்கிவிட்டேன். நேற்று இரவு தந்தையாரிடம் படங்களைக் காட்டியபோது, எண்கோணத்தையோ வட்டத்தையோ பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, "காலையில் இதற்குச் சாவி கொடுக்க வேண்டுமா, தானாகச் சுற்றிக்கொள்ளுமா?" என்று மட்டும் கேட்டார். கை அசைவிலேயே தானாகச் சுற்றும் என்றதும் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆகவே கையால் சாவி கொடுப்பவற்றை மட்டும் இனிப் பார்க்கப் போகிறோம். அண்ணன் விரும்பிய கடிகாரம் தானியங்கி. அவருக்குத்தான் இதில் சற்று வருத்தம்.