வெளிநாட்டு எம்.பி.பி.எஸ்: அந்த 20 சதவீதம் யார் கணக்கு?

ஸ்டெத்மணி: "வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். படித்தவர்களில் ஐந்தில் நான்கு பேர் இந்தியாவில் டாக்டராகவே முடியாது" என்று நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சல். அவர்கள் திரும்பி வந்து இங்கே டாக்டராகத் தேறியாக வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வில் 2023 டிசம்பரிலும் 2024 ஜூனிலும் தேறியவர்கள் சுமார் 20 சதவீதம், சரி. ஆனால் அது அந்தந்தத் தடவைக் கணக்கு. வருடத்துக்கு இரண்டு தேர்வு. நான்கு முறை தவறி ஐந்தாவதில் தேறியவர் ஐந்து பட்டியலிலும் வருவார். ஆள் ஒருவர்தான், இன்று அவர் டாக்டர்.

நேர்வழி: எழுதியவன் நான்தான். 20 என்றால் 20. நீட் கட்-ஆஃப் விவாதத்திலும் இப்படித்தான் கணக்கு வாத்தியாராக வந்தீர்கள். 300 கேள்வி, 150 எடுத்தால் பாஸ், தப்பான விடைக்கு மார்க் குறைப்பதும் கிடையாது. அதற்கு ஐந்து தடவையா?

மூன்றாம்முறை: நான் ரஷ்யாவில் படித்து, மூன்றாவது முறை தேறியவன். சதவீதத்தை விடுங்கள் சார். வகுப்பு ஆங்கிலத்தில், வார்டில் நோயாளி பேசுவது ரஷ்ய மொழியில். எங்கே வலிக்கிறது என்று அந்த அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார், நான் பேராசிரியர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தேர்வில் கேட்டதெல்லாம் அந்தக் கட்டிலருகே கற்றிருக்க வேண்டியது.

நேர்வழி: பார்த்தீர்களா, மூன்று தடவை!

ஸ்டெத்மணி: மூன்று தடவை எழுதித் தேறினார். உங்கள் கணக்கில் அவர் 33 சதவீத டாக்டரா?

நேர்வழி: கிண்டல் வேண்டாம். வெளிநாட்டில் படிப்பவர்களுக்கான 2021 விதியைப் படித்தீர்களா? 54 மாதம் படிப்பு, அங்கேயே 12 மாதம் இன்டர்ன்ஷிப், திரும்பி வந்து இங்கே இன்னொரு 12 மாதம். நடுவில் உங்கள் 'தடவைகள்'. அதற்குள் இங்கே படித்தவன் எம்.டி.யில் உட்கார்ந்திருப்பான்.

மழைக்குருவி: ஸ்டெத்மணி சார், உங்கள் மச்சான் கன்சல்டன்சி நடத்துவதாக முன்பு எழுதினீர்களே? பிள்ளைகளை வெளிநாட்டுக் கல்லூரியில் சேர்த்துவிடும் தொழில்தானே, அதனால்தான் இந்தப் பாசமா?

ஸ்டெத்மணி: அம்மா, அது ஐ.டி. கன்சல்டன்சி!

நேர்வழி: ஐ.டி.யாம். 2022-ல் உக்ரைனிலிருந்து பாதிப் படிப்போடு ஓடி வந்த பிள்ளைகளைக் கேளுங்கள். இங்குள்ள கல்லூரிகளில் சேர்க்க விதியில் இடமில்லை என்று அரசு கைவிரித்துவிட்டது.

ஸ்டெத்மணி: போர் வேறு, தேர்ச்சி வேறு. மச்சானை இழுத்ததற்கு முதலில் மன்னிப்பு வரட்டும். அப்புறம், நான்காவது முறையாகச் சொல்கிறேன்: 20 என்பது தடவைக் கணக்கு, ஆள் கணக்கு அல்ல.

மழைக்குருவி: கேள்விதானே கேட்டேன்?

நேர்வழி: 20. அந்தப் பழைய நீட் கட்-ஆஃப் விவாதத்துக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.