காயிலுக்குக் கீழும் மேலும் ஒரே ஃபேஸ். அப்ப தாமதமே இல்லையா?

ரேடியோ ஆன்டெனாவின் காயில் அலையைத் தாமதப்படுத்துகிறதா என்று ஒரு விவாதம்.

செம்மண், காரைக்குடி: 7.1 மெகாஹெர்ட்ஸ், 2.5 மீட்டர் விப் (நிமிர்ந்த கம்பி ஆன்டெனா), நடுவில் கச்சிதமான லோடிங் காயில் (குட்டைக் கம்பியை ஒத்திசைய வைக்கும் சுருள்). காயிலுக்குக் கீழே ஒரு டொராய்டு ப்ரோப் (கம்பியில் ஓடும் கரண்டை அளக்கும் வளையம்), மேலே ஒன்று. ஆஸிலோஸ்கோப்பில் ஃபேஸ் (அலை தன் 360 டிகிரிச் சுற்றில் நிற்கும் இடம்) வித்தியாசம் 3 டிகிரிகூட இல்லை. ஒத்திசைய கால் அலை, அதாவது 90 டிகிரி வேணும்; விப்பின் கம்பி 21 டிகிரிதான், குறையும் 69-ஐக் காயில் தாமதமாகத் தருகிறது என்கிறவர்கள் பதில் சொல்லுங்க.

பின்கட்டு, தேவகோட்டை: அண்ணே, அளந்தது சரி, முடிவுதான் தப்பு. நுனிக்குப் போன அலை திரும்பி வருது. ஒன்றின் ஃபேஸ் பின்தங்குற அளவுக்கு மற்றது முந்துது. கூட்டினால் இடத்துக்கு இடம் கரண்டின் அளவுதான் மாறும், ஃபேஸ் நகராது. காயிலே இல்லாத டைபோலை (அரை அலை நீளக் கம்பி, நடுவில் இணைப்பு) பாருங்க. ரெண்டு தெருவுக்கும் வாசல் வச்ச நம்மூர் வீட்டில் முகப்பிலிருந்து பின்கட்டு வரை 20 மீட்டர் தாராளமா இழுக்கலாம். நடுவில் 1 ஆம்பியர்னா 5 மீட்டர் தள்ளி 0.7 சொச்சம், ஃபேஸ் ஏறக்குறைய அதேதான். அந்த 5 மீட்டரைக் கடக்க அலைக்கு 43 டிகிரி ஆகுது. அதையும் பூஜ்யம்னு சொல்வீங்களா?

செம்மண்: சரி, ஃபேஸை விடுறேன். காயில் 69 டிகிரி கம்பிக்கு ஈடுன்னா மேலே கரண்ட் கீழே இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கணும். எனக்கு 90 சதவீதம் வருதே?

பின்கட்டு: அதில் நீங்க சொல்றதுதான் சரி. 69 முழுசும் காயிலுக்குள்ளே இல்லை. காயிலின் இம்பீடன்ஸ் (அலைக்குக் காட்டும் எதிர்ப்பு) ஆயிரக்கணக்கான ஓம், கம்பிக்கு அதைவிடக் குறைவு. இரண்டும் சேருமிடத்தில் டிகிரிக் கணக்கில் ஒரு தாவல் நடக்குது, 69-இல் மிச்சம் அங்கே. ஆனா காயிலின் தாமதம் பூஜ்யமும் இல்லை.

ஓட்டுவீடு, கானாடுகாத்தான்: சண்டைக்கு முன்னாடி ப்ரோப்பைச் சரிபாருங்கப்பா. ரெண்டையும் கம்பியில் ஒரே இடத்தில் மாட்டினால் பூஜ்யம் காட்டணும். ஒரு ப்ரோப்பின் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிள் மற்றதைவிட 1 மீட்டர் நீளம் கூடினாலே 13 டிகிரி பொய். ஒரு டொராய்டு தலைகீழா மாட்டியிருந்தா 180. முற்றத்து இரும்புக் கம்பி வலைக்குக் கீழ் விப்பை நிறுத்தாதீங்க, மேல்கம்பிக்கும் வலைக்கும் இடையிலான கெபாசிட்டன்ஸ் கரண்டையே மாத்திடும்.

பின்கட்டு: தாமதம் பார்க்கணும்னா மேல்கம்பியைக் கழற்றிட்டு, காயில் நுனியிலிருந்து தரைக்குக் கார்பன் ரெசிஸ்டர் போடுங்க, கம்பி சுற்றியது வேண்டாம். கீழே தெரியும் இம்பீடன்ஸ் அந்த ரெசிஸ்டரின் மதிப்பாகவே ஆகும்வரை மாத்துங்க. திரும்பும் அலை போயிடும், மிஞ்சும் ஃபேஸ்தான் தாமதம்.

செம்மண்: ரெசிஸ்டருக்குக் குறுக்கே 5 பிகோஃபாரட் கெபாசிட்டன்ஸ் ஒட்டிக்கிட்டாலே 7.1-இல் 4,500 ஓம் ஆச்சே தம்பி. நீங்க அளக்கிறது காயிலையா, ரெசிஸ்டரின் காலையா?