ஈவ் ஆன்லைன்: புதியவர்கள் சந்திக்கும் முதல் மோதல்கள் (அனுபவப் பகிர்வு)

பதிவு 1

விண்கப்பல் ஓட்டிச் சண்டையிடும் இணைய விளையாட்டான ஈவ் ஆன்லைன் 2003 மே மாதம் தொடங்கியது. நடத்துவது ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம். சீனாவுக்கென்று இருக்கும் தனி சர்வரை விட்டுவிட்டால், எல்லாரும் ஒரே உலகத்தில்தான் பறக்கிறார்கள். இன்று உள்ளே வந்தவரும் இருபது வருடமாக ஆடுபவரும் ஒரே கேட்டில் (ஒரு நட்சத்திர சிஸ்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவும் வாயில்) நேருக்கு நேர் நிற்க நேரும். வெடித்த கப்பல் திரும்ப வராது. அதில் மாட்டியிருந்த மாட்யூல்களில் (ஆயுதம், கவசம் போன்ற கருவிகள்) ஏறக்குறைய பாதி அழியும், மீதியை ஜெயித்தவர் அள்ளிக்கொண்டு போவார்.

அதனால் முதல் கணக்கு பணக் கணக்குதான். கேரியர் ஏஜென்ட் மிஷன்களை (புதியவர்களுக்கான பயிற்சி வேலைகள்) ஒழுங்காக முடித்தாலே பல ஃபிரிகேட் (சிறிய போர்க்கப்பல்) வாங்கும் அளவுக்கு ஐஎஸ்கே (விளையாட்டுப் பணம்) கையில் இருக்கும். அந்தப் பணத்தை ஒரு பெரிய குரூஸரில் போட்டுவிடாதீர்கள். ஒரே மாதிரி ஃபிட் செய்த (மாட்யூல் பொருத்திய) ஐந்தாறு ஃபிரிகேட்டுகளை ஒரே ஸ்டேஷனில் அடுக்கி வையுங்கள். இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் அது கப்பலின் உடலுக்கு மட்டும்தான். மாட்யூலுக்கும் ரிக்குக்கும் (கப்பலில் நிரந்தரமாகப் பொருத்தும் மேம்பாடு) ஒரு காசு வராது. 12 வாரம் ஆனால் அதுவும் காலாவதி.

சண்டைக்குப் போகும் முன் ஓவர்வியூவை (சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் பட்டியல்) சரி செய்யுங்கள். தூரம், வேகம், ஆங்குலர் வெலாசிட்டி (உங்களைச் சுற்றிக் கோணம் மாறும் வேகம்) மூன்று பத்தியும் தெரிய வேண்டும். இந்த விளையாட்டில் சண்டையைத் தீர்மானிப்பது தூரம். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

பதிவு 2

ஹை செக் (ஹை செக்யூரிட்டி பகுதி) பற்றி. செக்யூரிட்டி 0.5 முதல் 1.0 வரை உள்ள இடங்கள் பாதுகாப்பானவை என்று புதியவர்கள் நம்புகிறார்கள். கான்கார்ட் போலீஸ் தாக்கியவரைத் தண்டிக்கும், ஆனால் உங்களைக் காப்பாற்றாது. 1.0 சிஸ்டத்தில் சில நொடிகளில் வந்துவிடும். 0.5-இல் இருபது நொடி வரை ஆகலாம். அந்த இடைவெளியை நம்பித்தான் மலிவான கேட்டலிஸ்ட் டெஸ்ட்ராயர்களில் பிளாஸ்டரை (கிட்டத்தில் சுடும் துப்பாக்கி) நிரப்பிக்கொண்டு வருகிறார்கள். தங்கள் கப்பல் கான்கார்டிடம் போகும் என்று தெரிந்தேதான் சுடுகிறார்கள். உங்கள் சரக்கு அதைவிட மதிப்பானது என்றால் அவர்களுக்கு லாபம். ஜிட்டா (பெரிய சந்தை உள்ள சிஸ்டம்) போகும் வழியில் உள்ள உடாமா 0.5 சிஸ்டம். இந்த வேலைக்குப் பேர்போன இடம்.

ஆட்டோபைலட் கேட்டிலிருந்து தள்ளி இறக்கிவிட்டு, அங்கிருந்து கப்பலை ஊர வைக்கும். சரக்கோடு போகும்போது அதைத் தொடவே தொடாதீர்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் நீங்களே 'ஜம்ப்' கொடுத்தால் கேட்டின் வாசலிலேயே இறங்கலாம்.

அடுத்த பொறி, விண்வெளியில் உங்கள் கண்ணில் படும்படி மிதக்கும் அடுத்தவர் கன்டெய்னர். அதிலிருந்து ஒரு பொருளை எடுத்தாலும் 15 நிமிடத்துக்கு நீங்கள் சஸ்பெக்ட். யார் வேண்டுமானாலும் சுடலாம், கான்கார்ட் வராது. சேஃப்டி பொத்தான் பச்சையில் இருந்தால் விளையாட்டே உங்களைத் தடுத்துவிடும். ஹை செக்கில் அதைப் பச்சையை விட்டு மாற்றவே வேண்டாம்.

ஜிட்டா 4-4 ஸ்டேஷன் வாசலில் வரும் டூயல் (இருவர் மட்டும் மோதும் சண்டை) அழைப்பையும் ஏற்காதீர்கள். ஜெயிப்பேன் என்ற கணக்கோடுதான் எதிராளி அழைப்பார். ஐஎஸ்கே இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர்களைப் பற்றிச் சொல்ல வேறெதுவும் இல்லை, எல்லாமே மோசடி. கான்ட்ராக்டில் வாங்கும்போது பொருளின் முழுப் பெயரையும் விலையில் உள்ள பூஜ்யங்களையும் ஒவ்வொன்றாக எண்ணுங்கள்.

பதிவு 3

லோ செக் (செக்யூரிட்டி 0.1 முதல் 0.4 வரை, கான்கார்ட் வராத பகுதி) கேட்டில் நடப்பதை நொடி நொடியாகச் சொல்கிறேன். புதியவர்கள் அதிகம் செத்துப்போவது அங்கேதான்.

ஜம்ப் ஆனதும் கேட்டிலிருந்து சுமார் 12 கி.மீ. தள்ளி நிற்பீர்கள். நீங்கள் அசையாத வரை 60 நொடிக்கு யார் கண்ணிலும் பட மாட்டீர்கள். அந்த ஒரு நிமிடம் முழுக்க உங்களுடையது, அவசரப்படாதீர்கள். ஓவர்வியூவில் யார் இருக்கிறார்கள், எந்தக் கப்பல், எத்தனை கி.மீ. என்று பாருங்கள். தூரத்தில் ஒரே ஒரு பேட்டில்ஷிப் என்றால் ஒரு கிரகத்துக்கு வார்ப் (அதிவேகப் பயணம்) கொடுங்கள். ஃபிரிகேட்டை லாக் செய்ய (குறி பிடிக்க) அதற்கு நேரம் பிடிக்கும். வேகமாக லாக் செய்யும் கப்பல்கள் பக்கத்திலேயே இருந்தால் இரண்டு வழி. ஒன்று, கேட்டுக்குத் திரும்பி 2,500 மீட்டருக்குள் வந்து மறுபடி ஜம்ப் ஆவது. அந்த நேரத்தில் ஒரு குண்டுகூடச் சுடக்கூடாது. சுட்டால் 60 நொடிக்கு ஆயுத டைமர் ஓடும், கேட் உங்களை ஏற்காது. இதைத் தெரியாமல் பதற்றத்தில் திருப்பிச் சுட்டுச் சாகிறவர்கள்தான் அதிகம். இன்னொன்று, அலைன் நேரம் (வார்ப்புக்குத் திரும்பி வேகமெடுக்கும் நேரம்) 2 நொடிக்குள் இருக்கும் கப்பலில் வருவது. சர்வர் நொடிக்கு ஒருமுறைதான் கணக்கிடும் என்பதால் அப்படிப்பட்ட கப்பலைச் சாதாரணமாக லாக் செய்ய முடியாது. எதிராளி ஸ்மார்ட்பாம்ப் (லாக் இல்லாமலே சுற்றிலும் வெடிக்கும் ஆயுதம்) வைத்திருந்தால் மட்டும் ஆபத்து.

கப்பல் போய்விட்டது என்று தெரிந்த கணமே, கைவசம் வைத்திருக்கும் கிரகத்துக்கு வார்ப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். கப்பல் வெடித்ததும் பாட் (நீங்கள் உள்ளே இருக்கும் சிறு உயிர்காப்புக் கலம்) கிளம்பிவிடும். லோ செக்கில் பபிள் (வார்ப்பைத் தடுக்கும் புலம்) கிடையாது என்பதால் பாட் பெரும்பாலும் தப்பிவிடும், அதிலுள்ள இம்ப்ளான்டுகளும் (திறன் கூட்டும் பொருத்துகள்) தப்பும்.

பதிவு 4

சுட்டுப் பழக ஃபேக்ஷன் வார்ஃபேரை (பேரரசுகளுக்கு இடையிலான போர்) விட நல்ல இடம் இல்லை. அங்குள்ள சிறிய காம்ப்ளெக்ஸ்களின் (சண்டைக் களங்கள்) கேட் பெரிய கப்பல்களை உள்ளே விடாது, அதனால் ஃபிரிகேட்டுக்கு ஃபிரிகேட் சண்டை கிடைக்கும். அங்கே முதல் கப்பலாக என் சிபாரிசு மெர்லின். நான்கு மிட் ஸ்லாட் (மாட்யூல் மாட்டும் நடு வரிசை இடங்கள்) இருப்பதால் ஆஃப்டர்பர்னர் (வேகம் கூட்ட), வார்ப் ஸ்கிராம்ப்ளர் (எதிராளி வார்ப் ஆவதைத் தடுக்க), ஸ்டேசிஸ் வெப் (எதிராளியின் வேகத்தைக் குறைக்க), ஷீல்டு எக்ஸ்டெண்டர் (ஷீல்டு கூட்ட) எல்லாமே பொருந்தும். மேல் ஸ்லாட்டில் பிளாஸ்டர், கீழ் ஸ்லாட்டில் டேமேஜ் கன்ட்ரோலும் (அடியைத் தாங்க) மேக்னெடிக் ஃபீல்டு ஸ்டெபிலைசரும் (பிளாஸ்டரின் அடியைக் கூட்ட).

இந்தக் கப்பலின் வேலை எதிராளியின் மேலேயே ஒட்டுவது. பிளாஸ்டர் ஒரு சில கி.மீ.க்குள்தான் கடிக்கும். காம்ப்ளெக்ஸுக்குள் முதலில் போய், ஆட்கள் வந்து இறங்கும் இடத்திலேயே நில்லுங்கள். டைரக்ஷனல் ஸ்கேனை (தூரத்தில் உள்ள கப்பல்களைக் காட்டும் கருவி) விடாமல் அழுத்துங்கள். எதிராளியின் கப்பல் கேட்டை நெருங்குவது தெரியும். அவர் இறங்கிய உடனே லாக், ஸ்கிராம், வெப், அப்புறம் துப்பாக்கி. ஸ்கிராம் விழுந்தால் எதிராளியின் மைக்ரோவார்ப்டிரைவும் (வேகத்தைப் பல மடங்காக்கும் கருவி) நின்றுபோகும். அதனால்தான் ஸ்கிராமுக்கு முதலிடம்.

கைட் செய்பவரிடம் (தூரத்தில் நின்றே சுடுபவர்) மாட்டினால் கதை வேறு. கான்டோர் மாதிரிக் கப்பல் 20 கி.மீ. தூரத்தில் டிஸ்ரப்டரை (தூரத்திலிருந்தே வார்ப்பைத் தடுக்கும் கருவி) போட்டு, லைட் மிசைலால் உங்களைக் கரைத்துக்கொண்டே இருக்கும். நேராகத் துரத்தினால் அது அதே வேகத்தில் பின்வாங்கும், மெர்லினால் எட்ட முடியாது. அதற்கு எதிர்த்திசையில் டபுள் கிளிக் செய்து ஓடுங்கள். டிஸ்ரப்டர் எல்லையைத் தாண்டிவிடுவீர்களோ என்று அவர் உங்களை நோக்கி முழு வேகத்தில் வருவார். தூரப் பத்தியில் எண் குறையத் தொடங்கியதும் சட்டென்று திரும்பி அவர் மேல் பாயுங்கள். ஆஃப்டர்பர்னரையும் ஸ்கிராமையும் ஓவர்ஹீட் செய்யுங்கள் (சூடேற்றி, வழக்கத்தைவிட அதிகமாக வேலை வாங்குவது). ஓவர்ஹீட்டுக்கு தெர்மோடைனமிக்ஸ் ஸ்கில் வேண்டும், அதை முன்கூட்டியே பயின்று வையுங்கள். அவர் 'ஆர்பிட்' பொத்தானை நம்பிப் பறப்பவர் என்றால் இது பல தடவை பலிக்கும். கையால் ஓட்டத் தெரிந்தவர் என்றால் பலிக்காது.

பதிவு 5

மேலே சொன்னதோடு ஒன்று. சண்டை முடிந்ததும் கில்மெயிலை (கப்பல் அழிந்த விவர அறிக்கை) திறந்து, கடைசியாக யார் சுட்டார் என்பதைவிட அவரவர் எவ்வளவு டேமேஜ், எந்த ஆயுதத்தில் கொடுத்தார்கள் என்று பாருங்கள். உங்களைத் தோற்கடித்தவரின் பெயரை ஸீகில்போர்டில் (கில்மெயில்களைத் தொகுக்கும் இணையதளம்) தேடினால், அதே வகைக் கப்பலை அவர் முன்பு இழந்தபோது என்ன ஃபிட் வைத்திருந்தார் என்பதும் கிடைக்கும். அந்த ஃபிட்டை விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் ஃபிட்டிங் சிமுலேஷனில் போட்டுப் பார்த்தால் அவருடைய ஆயுதம் எத்தனை கி.மீ. வரை எட்டும் என்று தெரிந்துவிடும். ஷீல்டில் இஎம் அடியும் ஆர்மரில் எக்ஸ்ப்ளோசிவ் அடியும் அதிகம் இறங்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிசைல் கப்பலில் போனால் இரண்டு வகையையும் சரக்கறையில் எடுத்துப் போங்கள்.