என் மாடலுக்கு எல்லாமே டிஆர்என்ஏ

தொடக்கப் பதிவு:

ஆர்என்ஏவையும் ஏஐயையும் சேர்த்துப் பிஎச்டி செய்கிறவர்கள் இங்கே நாலைந்து பேராவது இருப்பீர்கள். உங்கள் மாடல் உங்களை ஏமாற்றிய கதையைச் சொல்லுங்கள். முதலில் என்னுடையது.

எனக்குக் கொடுத்த வேலை கேட்பதற்கு எளிது. ஆர்என்ஏ என்பது ஏ, யூ, ஜி, சி என்ற நாலு எழுத்தில் கோத்த ஓர் இழை; எழுத்துகள் ஜோடி சேர்ந்து மடிந்துதான் அதற்கு வடிவம் வரும். அதன் எழுத்து வரிசையைக் கொடுத்தால், எந்த எழுத்து எதோடு ஜோடி சேரும் என்று மாடல் சொல்ல வேண்டும். ஏவுக்கு யூ, ஜிக்கு சி, அப்புறம் ஜியும் யூவும் சேரும் ஒரு தளர்வான ஜோடி. 1978இல் நுஸினோவ், 1981இல் ஸூக்கர் என்று ஆராய்ச்சியாளர்கள் நான் பிறப்பதற்கு முன்பே இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். டீப் லேர்னிங் வைத்து அவர்களைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் கிடைக்கும் தரவுத்தொகுப்பை எடுத்தேன். குலுக்கிப் போட்டு 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு. இரண்டு நாள் ஜிபியூ ஓடியது. மதிப்பெண் தொண்ணூற்றுக்கு மேல். சாருக்கு ஒரே சந்தோஷம். போஸ்டர்கூட அடித்துவிட்டோம்.

பக்கத்து லேபில் ஒரு சீனியர் அக்கா. பாக்டீரியாவின் சிறிய ஆர்என்ஏ ஒன்றில் வேலை செய்கிறவர். “தம்பி, இதையும் போட்டுப் பார்” என்று எண்பது எழுத்துச் சொச்சம் உள்ள ஒரு வரிசையை அனுப்பினார். மாடல் அழகான கிளாவர் இலை ஒன்றை வரைந்து கொடுத்தது. ஒரு காம்பு, மூன்று வளையம். பாடப்புத்தகத்து டிஆர்என்ஏ (புரதம் கட்ட அமினோ அமிலத்தைச் சுமந்து வரும் சிறிய ஆர்என்ஏ) அப்படியே.

அக்கா பிரிண்ட் எடுத்துத் தன்னுடைய டிஎம்எஸ் வரைபடத்தின் பக்கத்தில் வைத்தார். டிஎம்எஸ் என்பது ஜோடி சேராமல் சும்மா நிற்கும் ஏ, சி எழுத்துகளில் போய் ஒட்டும் ரசாயனம். ஒட்டிய இடத்தில் கோடு உயரும். என் மாடல் ‘இங்கே இறுக்கமான ஜோடி’ என்று சொன்ன இடத்தில் ஏழெட்டுக் கோடுகள் தென்னை மரம் மாதிரி நின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். என் மாடலுக்கு எண்பது எழுத்துக்குப் பக்கத்தில் வந்தாலே டிஆர்என்ஏ.

காரணம் பிடிபட ஒரு வாரம் ஆனது. தொகுப்பில் டிஆர்என்ஏவும், செல்லின் புரதத் தொழிற்சாலையான ரைபோசோமில் இருக்கும் 5எஸ் ஆர்ஆர்என்ஏவும் குவிந்து கிடந்தன. ஒரு பாக்டீரியாவின் டிஆர்என்ஏ பயிற்சியில் இருந்தால், அதன் ஒன்றுவிட்ட தம்பி சோதனையில் உட்கார்ந்திருந்தது. 80 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போகும் வரிசைகளை நீக்கித்தான் இருந்தேன். ஆனால் ஆர்என்ஏவில் அது போதாது. ஜி–சி ஜோடி காலப்போக்கில் ஏ–யூ ஆகிவிடும். எழுத்து இரண்டும் மாறும், ஜோடி மாறாது. வரிசையைப் பார்த்தால் அந்நியம், வடிவத்தைப் பார்த்தால் சொந்தம். புக் பேக் கேள்விகளில் எண்ணை மட்டும் மாற்றிப் பரீட்சை வைத்துவிட்டுப் பையன் கணக்கில் புலி என்று சொன்ன கதைதான்.

ஆர்என்ஏக்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருக்கும் ஆர்ஃபாம் பட்டியலை வைத்து, சோதனையில் வரும் குடும்பம் பயிற்சியில் இருக்கவே கூடாது என்று மறுபடி பிரித்தேன். மதிப்பெண் சரிந்தது. சரி, எவ்வளவு என்று கேட்காதீர்கள். என் லேப்டாப்பில் கண்சிமிட்டும் நேரத்தில் ஓடும், எந்த மடிப்புக்கு ஆற்றல் குறைவு என்று கணக்குப் போடும் பழைய நிரல் என்னைத் தாண்டிப் போய்விட்டது. 2022இல் வந்த ஒரு கட்டுரை இந்த வகை மாடல்கள் புதுக் குடும்பங்களிடம் தடுமாறுவதை முன்பே காட்டியிருந்தது. போஸ்டருக்கு முன்னால் படித்திருக்க வேண்டும். சார் இரண்டு நிமிடம் பேசவில்லை. அப்புறம், “சுவரில் இருப்பதை எடுத்துடுப்பா” என்றார்.

மறுமொழி 1:

நான் உங்கள் அக்காவின் கட்சி, வெட் லேப்; டியூபும் ரசாயனமுமாக நிஜச் சோதனை செய்கிறவள். ஏஐ ஆட்கள் வந்து “இன்னும் ஓர் ஆயிரம் டேட்டா கிடைக்குமா?” என்று கேட்கும்போது சிரிப்பதா அழுவதா தெரியாது. ஆர்என்ஏவை வெட்டும் ஆர்என்ஏஸ் நம் கைவிரலிலேயே இருக்கிறது. கொதிக்க வைத்தாலும் அசராது. போன மழைக்காலத்தில் ஒரு நாள் கையுறையோடு கதவுக் கைப்பிடியைத் தொட்டுவிட்டு வந்து டியூபை எடுத்திருக்கிறேன் போல. ஆர்என்ஏ கெடாமல் இருந்தால் ஜெல்லில் ரைபோசோம் ஆர்என்ஏவின் 28எஸ், 18எஸ் என்று இரண்டு பட்டை பளிச்சென்று தெரிய வேண்டும். தெரிந்தது மழை அடித்த கோலம். மூன்று வாரத்து வேலை. அது உங்கள் தொகுப்பில் ஒரு வரிசைகூட இல்லை.

மறுமொழி 2:

என்னை ஏமாற்றியது மாடல் இல்லை, விடைத்தாள். ரைபோஸ்விட்ச் என்ற ஆர்என்ஏ வகையில் வேலை செய்கிறேன். ஒரு சிறு மூலக்கூறு வந்து ஒட்டினால் ஒரு வடிவம், ஒட்டாவிட்டால் வேறு வடிவம்; அப்படி மாறித்தான் அது ஜீனை நிறுத்தும் அல்லது ஓட்டும். தொகுப்பில் ஒரு வரிசைக்கு ஒரே விடை. என் மாடல் இரண்டாவது வடிவத்தைச் சொன்னபோதெல்லாம் ‘தவறு’ என்று அடித்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். எட்டு மாதம்! இன்னொன்று, புரதத்தின் வடிவத்தைக் கணிப்பதில் ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏஐ 2020இல் செய்ததை நாமும் செய்யலாம் என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்தார்கள். 2022இல், மூலக்கூறுகளின் வடிவத்தைக் கணிக்கும் காஸ்ப் 15 போட்டியில் ஆர்என்ஏவை முதல் தடவையாகச் சேர்த்தபோது, முன்னால் வந்தவை டீப் லேர்னிங்கை மட்டும் நம்பிய குழுக்கள் இல்லை. அனுபவஸ்தர்கள் கண்ணும் கையும் வைத்துச் செதுக்கியவை. சேர்ந்த பிறகுதான் அது தெரிந்தது.

மறுமொழி 3:

வீட்டில் “ஏஐ படிக்கிறான், கூகுளில் எடுத்துக்குவாங்க” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். நான் பாதி நாள், வரிசைகளை எழுதி வைக்கும் ஃபாஸ்டா ஃபைலில் டிஎன்ஏவின் டி எழுத்தை ஆர்என்ஏவின் யூவாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். தொடக்கப் பதிவருக்கு ஒரு கேள்வி: மாடல் தோற்றுப்போன அந்த முடிவை ஆய்வேட்டில் வைத்தீர்களா?

தொடக்கப் பதிவர்:

வைத்தேன். மூன்றாம் அத்தியாயமே அதுதான். சாருக்கு முதலில் பிடிக்கவில்லை, இப்போது எல்லோரிடமும் அதைத்தான் காட்டுகிறார். புது மாடல் ஓட்டினால் முதல் வேலையாக அக்காவின் வரிசையைப் போட்டுப் பார்க்கிறேன். போன வாரத்து மாடலில் மூன்று வளையத்தில் ஒன்று போய்விட்டது. இரண்டு இன்னும் இருக்கின்றன.